அறிவுக்கு வேலி – 7: கொல்லிமலைச் சாமையும் டெல்லியின் அவசரச் சட்டமும்

சென்ற வாரம் மராகேஷ் நகரில் நிறுத்தியிருந்தோம். 1994 ஏப்ரல் 15. மொராக்கோ நாட்டின் அந்தப் பழைய நகரத்தில் இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. அடுத்த ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதனோடு ஒட்டிக்கொண்டு 'டிரிப்ஸ்' என்ற அறிவுச்சொத்து ஒப்பந்தமும் வந்தது. பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. 2005 ஜனவரி 1-க்குள் இந்தியா தன் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி முடித்திருக்க வேண்டும்.

அந்தத் திருத்தத்தை டெல்லியில் எழுதியவர்கள் யார், எழுதியதை அடித்தவர்கள் யார் என்பதுதான் இந்த வாரக் கதை. டெல்லிக்குப் போகுமுன் கொல்லிமலைக்கு ஏறிவிட்டு வருவோம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் அந்த மலையின் உழவர்களுக்கும் ஒரே சட்டத்தின் ஒரே பிரிவில்தான் பாதுகாப்பு இருக்கிறது. இது பலருக்கும் தெரியாது.

சாமைக்கு யார் சொந்தக்காரர்?

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் செம்மேடு. கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று மலை முழுவதும் 'நாடு'களாகப் பிரிந்திருக்கிறது. வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி பழங்குடி மக்கள்.

இந்த மலையின் சாமையில் மட்டும் எத்தனை வகை! வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, சடஞ்சாமை, மல்லியச்சாமை, திரிகுலாச்சாமை. கேழ்வரகிலும் தினையிலும் இப்படித் தனித்தனிப் பட்டியல் உண்டு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று தாமதமாக விளையும். ஒன்று கல்லுங்கரடுமான சரிவிலும் பிழைக்கும், இன்னொன்றுக்குச் சோறு ருசி. இவற்றில் எதையும் ஆய்வுக்கூடத்தில் யாரும் உருவாக்கவில்லை. நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்கி வைத்த கைகள், அதில் பெரும்பங்கு பெண்களின் கைகள், தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. ஒருவர் வீட்டு விதை பொய்த்துப்போனால் அடுத்த வீட்டில் வாங்கி விதைப்பார். அறுத்த பிறகு கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிக் கொடுப்பார்.

மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் காசு கொடுத்து வாங்கின. சாமை வயல்கள் சுருங்கின. சாமையைக் குத்தி அரிசியாக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை என்பதும் அது கைவிடப்பட ஒரு காரணம். 1990-களிலிருந்து சென்னையின் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. ஊர்தோறும் விதை வங்கி வைத்தார்கள், அரவை இயந்திரம் கொண்டுவந்தார்கள். அழிந்துகொண்டிருந்த வகைகள் பல மீண்டன. மலையில் சிறுதானியத்தைக் காத்த அதே நிறுவனம், உழவர் உரிமை சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று தலைநகரில் வற்புறுத்தியவர்களிலும் ஒன்று.

அந்த வற்புறுத்தலுக்குப் பலன் கிடைத்தது. 2001-ல் நாடாளுமன்றம் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது. பிறர் பதிவு செய்த வகையாக இருந்தாலும் இந்த உரிமை போகாது. முத்திரைப் பெயர் போட்டுப் பொட்டலம் கட்டி விற்பதற்கு மட்டும்தான் தடை. கட்டற்ற மென்பொருள் இயக்கம் எந்தச் சுதந்திரங்களைக் கேட்கிறதோ, அவற்றை விதைக்கு இந்த நாட்டுச் சட்டமே கொடுத்துவிட்டது. பயன்படுத்து, ஆராய், மாற்று, பகிர்.

அடுத்த ஆண்டு, 2002-ல், காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. எவற்றுக்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று சொல்லும் 3-ஆம் பிரிவில் சில உட்பிரிவுகள் புதிதாகச் சேர்ந்தன. ஆங்கில எழுத்து வரிசையில் 'ஜே' என்ற உட்பிரிவு செடிகள், விதைகள், பயிர் வகைகள் எதற்கும் காப்புரிமை இல்லை என்றது. 'பி' (p) என்ற உட்பிரிவு மரபறிவுக்குக் காப்புரிமை இல்லை என்றது. கொல்லிமலைச் சாமைக்கு வேலி போட நினைப்பவரை இந்த இரண்டும் வாசலிலேயே நிறுத்தும்.

'ஜே'வுக்கு அடுத்த வரி 'கே'. கணித முறை, வணிக முறை, தன்னளவில் நிற்கும் கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்றது அது. 2003 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. விதைக்குக் கிடைத்த காவல் நிரலுக்கும் கிடைத்துவிட்டது என்று மென்பொருளாளர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி இருபது மாதம்கூட நீடிக்கவில்லை.

எழுதுகிறவர் மேல் இரண்டு சட்டங்கள்

ஏன் அவர்களுக்கு அந்த ஒரு வரி அவ்வளவு முக்கியம்? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நிரல் எழுதுகிறவரை இரண்டு சட்டங்கள் தொடுகின்றன. முதலாவது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. ஒரு நாவலுக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு நிரலுக்கும். எழுதிய நொடியில் உரிமை பிறக்கிறது. பதிவு தேவையில்லை. எழுதியவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63-பி பிரிவின்படி சிறைகூட உண்டு.

கட்டற்ற மென்பொருளுக்குப் பதிப்புரிமை எதிரி என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் பாதுகாப்பாக நிற்பது பதிப்புரிமையின் மேல்தான். 'என் நிரலை எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு. ஆனால் நீ கொடுக்கும்போதும் இதே சுதந்திரத்தோடு கொடு' என்று நிபந்தனை விதிக்கிறது ஜிபிஎல் உரிமம். எழுதியவருக்குப் பதிப்புரிமை இருப்பதால்தான் அவரால் அந்த நிபந்தனையை விதிக்க முடிகிறது. அதை மீறியவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடிவதும் அதனால்தான்.

இந்த இடத்தில் தமிழ்க் கணிமைக்கு உழைக்கும் இளைஞர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நிரலை இணையத்தில் இலவசமாகப் போட்டால் மட்டும் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. உரிமம் எதுவும் எழுதாமல் போட்டால் எல்லா உரிமையும் உங்களிடமே இருக்கிறது. உங்களுக்குப் பிறகு உங்கள் வாரிசுகளிடம் இன்னும் 60 ஆண்டு இருக்கும். நல்ல மனசோடு பகிர்ந்த ஒரு எழுத்துருவையோ விசைப்பலகையையோ வேறொருவர் சட்டப்படி தொட முடியாமல் போய்விடும். உரிமத்தைச் சேர்த்துப் போடுங்கள்.

நம் சட்டத்தில் பாராட்ட வேண்டிய ஒன்றும் உண்டு. முறையாக வாங்கிய நிரல் எப்படி இயங்குகிறது என்று ஆராயலாம். தான் தனியாக எழுதிய நிரல் இன்னொன்றோடு ஒத்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அலசி எடுக்கலாம் என்று 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் சிதறிக் கிடந்த தமிழ் ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் எழுதிய தலைமுறைக்கு இப்படிப்பட்ட ஆராயும் உரிமை எவ்வளவு அவசியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சட்டம் காப்புரிமை. இது முற்றிலும் வேறு விலங்கு. பதிப்புரிமை நீங்கள் எழுதிய வரிகளைக் காக்கிறது. காப்புரிமை அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கும் வழிமுறையையே 20 ஆண்டுக்கு ஒருவருக்குச் சொந்தமாக்குகிறது. யாரையும் பார்த்து எழுதவில்லை, நானே யோசித்தேன், என் வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்வது பதிப்புரிமை வழக்கில் சரியான பதில். காப்புரிமை வழக்கில் அது பதிலே அல்ல. ஒருவர் வாழ்க்கையில் கேள்விப்பட்டிராத ஒரு காப்புரிமையை அவர் மீறியிருக்கலாம். பெரிய நிறுவனங்களிடம் ஆயிரக்கணக்கில் காப்புரிமைகள் இருக்கின்றன, வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஒன்றை ஒன்று மிரட்டி, பிறகு கைகுலுக்கிக்கொள்ளும். சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதுகிறவருக்கு என்ன இருக்கிறது? ஒரு நோட்டீஸ் வந்தாலே அவர் நிரலை இறக்கிவிட்டு ஒதுங்கிவிடுவார்.

இது கற்பனைப் பயம் அல்ல. 1987-ல் வெளியான ஜிஃப் என்ற பட வடிவத்தை உலகமே இலவசம் என்று நம்பிப் பயன்படுத்தியது. 1994 டிசம்பரில், அதற்குள் இருக்கும் சுருக்கும் முறை எங்கள் காப்புரிமை, ஜிஃப் கையாளும் மென்பொருளுக்குப் பணம் கட்டுங்கள் என்று யூனிசிஸ் நிறுவனம் அறிவித்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் கொதித்தெழுந்து, காப்புரிமை இல்லாத பிஎன்ஜி என்ற புதிய வடிவத்தையே உருவாக்கினார்கள்.

தமிழருக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. லினக்ஸ் திரையில் எழுத்துகளை வரைவது ஃப்ரீடைப் என்ற திறமூல நிரல். ஒவ்வொரு எழுத்தும் சிறிய அளவில் எப்படித் தெளிவாக விழ வேண்டும் என்று எழுத்துருவுக்குள்ளேயே கட்டளைகள் பொதிந்திருக்கும். அந்தக் கட்டளைகளை இயக்கும் முறையில் ஆப்பிள் நிறுவனத்துக்குக் காப்புரிமை இருந்தது. ஃப்ரீடைப்பை எழுதியவர்கள் அந்தப் பகுதியை எழுதி வைத்திருந்தும், அதை அணைத்த நிலையில்தான் வெளியிட்டார்கள். எழுத்துருவை வடிவமைத்தவர் எவ்வளவு பாடுபட்டு அந்தக் கட்டளைகளை எழுதியிருந்தாலும், லினக்ஸ் அவற்றைப் புறக்கணித்து உத்தேசமாக வரைந்தது. காப்புரிமைகள் காலாவதியானது 2010 மே மாதம். அதற்குப் பிறகு வந்த 2.4 பதிப்பில்தான் அந்த விசை திறக்கப்பட்டது. வெளிநாட்டுக் காப்புரிமை ஒன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் லினக்ஸ் பயன்படுத்தியவர்களின் திரைவரை வந்து நின்றது. திறமூல நிரல் எல்லை தாண்டிப் பரவுவது. அதனால் ஒரு நாட்டின் வேலி எல்லா நாட்டுக்கும் வேலியாகிவிடுகிறது.

இப்படி ஒரு வேலியை இந்தியாவிலேயே நடும் முயற்சி 2004-ன் கடைசி நாட்களில் நடந்தது.

சுனாமி நாட்களில் ஒரு கையெழுத்து

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி, சென்னைக் கடற்கரைகளை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. நாடே பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த அதே நாட்களில் டெல்லியில் 2004-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. காப்புரிமைத் திருத்த அவசரச் சட்டம். 'டிரிப்ஸ்' கெடு ஜனவரி 1. நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை தருவதுதான் அதன் முதன்மை நோக்கம். செய்தித்தாள்களில் வந்த கொஞ்ச நஞ்ச விவாதமும் மருந்து விலை பற்றியதுதான்.

உள்ளே, பலர் கவனிக்காத ஒரு மூலையில், 'கே' உட்பிரிவு பிளக்கப்பட்டிருந்தது. கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்ற தடை அப்படியே இருந்தது. ஆனால் 'தொழில்துறையில் அதன் தொழில்நுட்பப் பயன்பாடு' அல்லது 'வன்பொருளோடு சேர்ந்த கூட்டு' தவிர, என்று ஒரு விலக்கைச் சேர்த்திருந்தார்கள்.

அந்த விலக்கை மறுபடி படியுங்கள். வன்பொருளோடு சேராமல் ஓடும் நிரல் உலகத்தில் எது? எந்த நிரலானாலும் ஏதோ ஒரு கணினியில்தான் ஓடியாக வேண்டும். தடையைவிட விலக்கு பெரிதாகிவிட்டது. செல்பேசி போன்ற கருவிகளுக்குள் மென்பொருள் பதிந்து வரும் காலம் இது, அதற்கேற்பச் சட்டம் மாற வேண்டும் என்று வர்த்தக அமைச்சர் கமல்நாத்தின் அமைச்சகம் விளக்கம் சொன்னது. அந்த நோக்கத்துக்கு இவ்வளவு அகலமான கதவு தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. 'டிரிப்ஸ்' ஒப்பந்தம் கணினி நிரலைப் பதிப்புரிமையால் காக்கும்படி வெளிப்படையாகச் சொல்கிறது. நிரலுக்குக் காப்புரிமை கொடு என்று அதில் ஒரு வரியும் இல்லை. கேட்காததை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ.அப்துல் கலாம். 2003 மே மாதம் புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கி வைத்துப் பேசும்போது, இந்தியாவுக்குத் திறமூல மென்பொருள்தான் பொருத்தம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பில் கேட்ஸ் தம்மைச் சந்தித்ததையும், மென்பொருள் பாதுகாப்பு பற்றிய பேச்சில் இருவர் கருத்தும் வேறுபட்டதையும் அதே மேடையில் விவரித்தார். உலகில் எந்த நாட்டின் தலைவரும் அதுவரை அவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து அந்த இயக்கத்துக்குக் குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய கையெழுத்தோடுதான் மென்பொருள் காப்புரிமையும் வந்தது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க அரசியல் சட்டம் குடியரசுத் தலைவரைக் கட்டுகிறது. கலாமைக் குறை சொல்ல இதில் இடமில்லை.

அவசரச் சட்டத்துக்கு ஆயுள் குறைவு. நாடாளுமன்றம் கூடி ஆறு வாரத்துக்குள் சட்டமாக வேண்டும். இல்லையேல் தானாகச் செத்துப்போகும். பிப்ரவரி இறுதியில் பட்ஜெட் கூட்டத்தொடர் தொடங்கியது. கணக்குப் போட்டால் ஏப்ரல் முதல் வாரத்தைத் தாண்டாது. மன்மோகன் சிங் அரசுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தவர்கள் ஏறத்தாழ 60 இடதுசாரி உறுப்பினர்கள். அவர்கள் கை தூக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

மார்ச் மாதத்துக் கணக்கு

இடதுசாரிகளின் முதல் கவலை மருந்து. எய்ட்ஸ் நோயாளிகளின் அமைப்புகளும் பொதுச் சுகாதார இயக்கங்களும் அவர்களுக்குப் பின்னால் நின்றன. அந்தக் கூட்டத்தோடு ஒரு சின்னக் குழுவும் வந்து சேர்ந்தது. 2001-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் ஊர் ஊராக இருந்த லினக்ஸ் ஆர்வலர்களும்தான் அவர்கள். மருந்து விலை ஏறினால் தெருவில் இறங்க மக்கள் இருந்தார்கள். அல்காரிதத்துக்காகத் தெருவில் இறங்க யார் இருக்கிறார்கள்? வன்பொருளோடு கூட்டு என்ற சொற்களின் ஆபத்தை அரசியல்வாதிகளுக்குப் புரியவைப்பதே ஒரு வேலையாக இருந்தது.

மார்ச் 8 அன்று மியூனிக்கிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் வாங்கியிருந்த காப்புரிமை செல்லாது என்பதை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அமர்வு உறுதிசெய்தது. பொதுவில் இருக்கும் அறிவுக்கு வேலி போட்டால் பிடுங்கி எறியவும் முடியும் என்று அந்தத் தீர்ப்பு காட்டியது. ஆனால் வேம்பு வழக்கு முடியப் பத்தாண்டு பிடித்தது. டெல்லியில் இருந்தது சில நாட்கள் மட்டுமே.

அரசு மசோதாவை மக்களவையில் வைத்தபோது எல்லாரும் முதலில் தேடியது மருந்துப் பிரிவுகளை. மென்பொருளாளர்கள் தேடியது 3-ஆம் பிரிவை. அவசரச் சட்டம் நுழைத்த அந்த விலக்கு அதில் இல்லை! மென்பொருள் காப்புரிமை பன்னாட்டு நிறுவனங்களின் ஏகபோகத்துக்கு வழிவிடும் என்று ஆட்சேபம் எழுந்ததால் அந்தத் திருத்தத்தைக் கைவிடுகிறோம் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்டது. மார்ச் 22 மக்களவை, மார்ச் 23 மாநிலங்களவை. ஏப்ரல் 4 அன்று கலாம் ஒப்புதல் கையெழுத்திட்டார். 2005-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டம். 'கே' உட்பிரிவு 2002-ல் எழுதியபடியே நின்றது. நான்கு மாதங்களுக்குள் கலாம் போட்ட இரண்டு கையெழுத்துகளில் ஒன்று கதவைத் திறந்தது, இன்னொன்று மூடியது.

அதே ஏப்ரலில் சென்னையில் மத்திய அரசு தமிழ் மென்பொருள் குறுந்தட்டை வெளியிட்டது. எழுத்துருக்களும், திறமூல ஓபன் ஆஃபீஸைத் தமிழாக்கிய தொகுப்பும் அதில் இருந்தன, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசம். சென்னையின் சி-டாக் நிறுவனம் பின்னர் பாஸ் லினக்ஸை உருவாக்கியதும், அது தமிழக அரசுப் பள்ளி மாணவர்களின் இலவச மடிக்கணினிகளில் ஏறியதும் இந்தச் சட்டச் சூழலில்தான். ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமை வரைவை 14-க்கு எதிராக 648 வாக்குகளில் தோற்கடித்தது. அங்கே அதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. இந்தியா அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டது. இந்த வெற்றியை நம் பாடப்புத்தகங்கள் எதிலும் பார்க்க முடியவில்லை. மருந்துப் பிரிவான 3-டி புகழ்பெற்றது, 3-கே மறக்கப்பட்டது.

ஆனால் சட்டம் நாடாளுமன்றத்தில் முடிந்துவிடுவதில்லை. விண்ணப்பத்தைக் கையில் வாங்கி ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிப்பது சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் இருக்கும் காப்புரிமை அலுவலகங்களின் பரிசோதகர்கள். 'தன்னளவில் நிற்கும் நிரல்' என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் அந்த இடைவெளியைச் சரியாகப் பிடித்தார்கள். எங்களுடையது தனி நிரல் அல்ல, ஒரு கருவியின் முறை, ஒரு அமைப்பின் பகுதி என்று விண்ணப்பங்களைத் திருப்பி எழுதினார்கள். காப்புரிமைகள் ஒன்றிரண்டாக வெளிவரத் தொடங்கின.

ஏறத்தாழப் பத்தாண்டு கழிந்தது. 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, வெறும் கருத்தை எடுத்துக் கணினியில் செய் என்று சொல்வதால் காப்புரிமை கிடைக்காது என்று ஆலிஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவே பின்வாங்கும் வேளையில், 2015 ஆகஸ்ட் 21 அன்று, இந்தியக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் கணினி சார்ந்த கண்டுபிடிப்புகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டார். நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை, விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. 2005-ல் நாடாளுமன்றம் வேண்டாமென்று தள்ளியதை அந்த ஆவணம் வேறு வழியாக உள்ளே கொண்டுவருகிறது என்று திறமூல அமைப்புகள் அபாயமணி அடித்தன. பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் போனது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 14 அன்று கட்டுப்பாட்டாளர் தாம் போட்ட நெறிமுறைகளைத் தாமே நிறுத்திவைத்தார். அவை எப்படிப் பின்வாங்கப்பட்டன, 2016 பிப்ரவரியில் வந்த புதிய நெறிமுறைகள் ஏன் 2017 ஜூனில் மறுபடி மாறின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)